என் உடம்பில் கண்டெடுத்தவை

பிப். 25, புதன்

பனி. ரேஷன் கடை திறக்கப் போகும்போது பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. பாமாயில் வந்தது, துவரம்பருப்பு வரவில்லை. காலை முழுக்க ஒரே கேள்வி, ஒரே பதில். "இன்னாக்கா, எங்க பருப்ப நீயே ஆக்கித் தின்னுட்டியா?" என்று கேட்டவளுக்கு மட்டும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வலது உள்ளங்கையில் போன வாரம் ஏறிய மரச்சிலாம்பு பழுத்து உடைந்தது. மூட்டை அடுக்கும் பலகையின் வேலை. மஞ்சள் வைத்துத் துணி சுற்றியாயிற்று. இரண்டு நாளாக இடது கையால் பில்.

மதியம் நந்தினி போன். சனிக்கிழமைக்குப் பதிவு செய்துவிட்டாளாம், அவள் அப்பாவுக்கும் எனக்கும். உச்சி முதல் பாதம் வரை ஒரே நேரத்தில் படம். எங்கே புற்று ஒளிந்திருந்தாலும் காட்டிவிடுமாம். எனக்கு நாற்பத்து நான்கு வயது. கடைசியாகக் காய்ச்சல் வந்தது எப்போது என்று யோசித்தேன், நினைவில்லை.

ஆனால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது. அவள் அம்மா மார்புப் புற்றில் போனவர். அக்குளில் கட்டி தெரிந்தபோதே நேரம் கடந்துவிட்டது. அவர் போனபோது நந்தினி பிளஸ் டூ. இப்போது பெங்களூரில் வேலை, இருபத்து நான்கு வயது. அப்பா என்னை மறுமணம் செய்துகொள்ளப் போகிறார் என்றதும் அவள் முகம் சுளிக்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று. "ரெண்டு பேரும் ஒருவாட்டி பாத்துடுங்கக்கா. அப்புறம் எனக்கு நிம்மதி."

கல்யாணம் வைகாசியில். இதைத் தனி வரியாக எழுத வேண்டும் போலிருந்தது, எழுதிவிட்டேன்.

அவர் பெயர் அண்ணாமலை. இனி இந்த நோட்டில் அ. முழுப்பெயர் எழுத இந்த வயதிலும் வெட்கமாக இருக்கிறது. மூன்று வருடமாக மாதாமாதம் அரிசி வாங்க வந்தவர். மண்வெட்டி பிடித்துப் பிடித்து விரல் தேய்ந்து, மெஷினில் கைரேகை விழாது. கட்டைவிரலைத் துடைத்து, ஈரத்துணி வைத்து, மறுபடி துடைத்து, ஒவ்வொரு மாதமும் அரை மணி நேரம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கு எங்களுக்கு முன்பே விஷயம் தெரிந்துவிட்டது.

நந்தினி அனுப்பிய விதிகள்:
முதல் நாள் கடின வேலை கூடாது. (நான் என்ன கல்லா உடைக்கிறேன்.)
சோறு, இனிப்பு குறைக்க வேண்டும்.
காலையில் பட்டினி.
காய்ச்சல், புண், சமீபத்தில் போட்ட ஊசி எல்லாம் சொல்ல வேண்டும்.

அ.வை இப்போதே பெங்களூருக்கு வரவழைத்துவிட்டாள். இங்கே விட்டால் சும்மா இருக்க மாட்டார் என்று சந்தேகம். என் மேல் அந்தச் சந்தேகம் இல்லை. கடையில் உட்கார்ந்து பில் போடுகிறவள்தானே.

பிப். 27, வெள்ளி. திருப்பத்தூர் ஸ்டேஷன்

ரயில் வரவில்லை. எழுத நேரம்.

இன்று கடை விடுமுறை. என்ன ஒரு நாள். தம்பியும் மல்லிகாவும் (தம்பி பெண்சாதி) காலையிலேயே புளி அடிக்கக் கிளம்பினார்கள், நானும் போனேன். தம்பி மரத்தின் மேல் ஏறி உலுக்க, நான் கீழே நின்று தொரட்டியால் எட்டாத கிளைகளை. கையில் துணி சுற்றியிருந்ததால் வலிக்கவில்லை. மல்லிகா பொறுக்கினாள், பொறுக்கியதைவிட அதிகம் பேசினாள். "அண்ணி, கல்யாணப் பொண்ணு இவ்ளோ கருத்துப் போனா மாப்ள திரும்பிப் போய்டப் போறாரு." மாப்பிள்ளை என்னைவிடக் கருப்பு என்றேன். மரத்தின் மேலிருந்து தம்பி சிரித்ததில் ஒரு கொத்து தானாகவே விழுந்தது.

செங்காய் தின்று பல் கூசுகிறது. கடைசி மரம் முடிக்கும்போது மதியம் தாண்டிவிட்டது.

நந்தினிக்குப் புளி, சாமை, கொஞ்சம் தேன் எல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டினேன். பஸ் வரை ஏற்றிப்போகும் ஜீப் வரவில்லை. டிரைவரின் மச்சான் குழந்தைக்குக் காது குத்தாம், மொத்த ஜீப்பும் அங்கே. மூட்டையைத் தோளில் வைத்துப் புதூர்நாடு வரை நடந்து பஸ் பிடித்தேன். வழியெல்லாம் பாட்டு வந்தது, பாடினேன். கேட்க யாருமில்லை என்று நினைத்தால் ஒரு வளைவில் மாடு மேய்ப்பவர் உட்கார்ந்திருக்கிறார். "நிறுத்தாத, பாடிகினே போ" என்றார்.

கைத்துணியை ஸ்டேஷன் குழாயடியில் கழற்றி எறிந்துவிட்டேன். பெங்களூரில் மஞ்சள் துணியோடு போய் நிற்க வேண்டாம்.

ரயில் வருகிறது.

பிப். 28, சனி. பெங்களூர்

முடிந்தது.

பெரிய கட்டடம், தரை முழுக்கக் கண்ணாடி மாதிரி. அ. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நந்தினி கெஞ்சிப் போட வைத்தாள். பெயர் கொடுக்கும் இடத்தில் எல்லோரும் நன்றாக உடுத்தியவர்கள், யாரைப் பார்த்தாலும் நோயாளி போலில்லை. நல்ல உடம்பை வைத்துக்கொண்டு என்னவோ திருடியவர்கள் மாதிரி எல்லோரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தோம்.

ஒரு தமிழ்ப் பெண் கேள்வி கேட்டாள்.

"நேத்து கஷ்டமான வேலை ஏதாவது செஞ்சீங்களா?"

"இல்லைங்க. நேத்து லீவு."

"உடம்புல புண், சீழ் ஏதாவது?"

உள்ளங்கையில் பொருக்கு. இதையெல்லாமா சொல்வார்கள். இல்லை என்றேன்.

ஊசியில் சர்க்கரை மாதிரி ஒரு மருந்து. அதை ஏற்றி, ஒரு மணி நேரம் அசையாமல் பேசாமல் இருக்கச் சொன்னார்கள். பசியெடுத்த இடமெல்லாம் அந்தச் சர்க்கரையைத் தின்னுமாம், தின்ற இடம் படத்தில் விளக்குப் போட்டது போல் தெரியுமாம். புற்றுக்கு எப்போதும் பசி. எனக்குத் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அ.வுக்கு அந்தப் பக்கம்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து, "சுமதி. அங்க கீறியா?"

நர்ஸ்: "சார், பேசக் கூடாது."

மறுபடி கொஞ்ச நேரத்தில், "சுமதி. பசிக்குதா?"

எனக்குச் சிரிப்பு. சிரிக்கவும் கூடாதாம். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு குலுங்கினேன். நாற்பத்து நான்கு வயதில் வகுப்பில் பேசியதற்குத் திட்டு வாங்குகிறேன், அவ்வளவு சந்தோஷம்.

பிறகு குழாய் போன்ற மெஷின். படுத்தேன், தூங்கிவிட்டேன், எழுப்பினார்கள்.

கிளம்பும்போது சொன்னார்கள், சில மணி நேரத்துக்குக் கர்ப்பிணிகள், குழந்தைகள் பக்கம் போகக் கூடாது, மருந்தின் கதிர் இருக்கும் என்று. அ. கவலையாகக் கேட்டார். "நாங்க ரெண்டு பேரும் தள்ளித் தள்ளி ஒக்காரணுமா?" வேண்டாமாம். சேர்ந்தே உட்காரலாமாம். உட்கார்ந்தோம்.

மார்ச் 2, திங்கள்

ஊர் வந்தாயிற்று. கடை. பருப்பு வந்தது. யாரும் நன்றி சொல்லவில்லை.

மார்ச் 4, புதன்

காலையில் மேகம், மழை இல்லை.

அறிக்கை நந்தினியின் போனுக்கு வந்து, அங்கிருந்து என் போனுக்கு. அ.வுக்கு ஒன்றுமில்லை. முதுகெலும்பில் வயதுக்கேற்ற தேய்மானம் என்று ஒரே வரி. எனக்கு ஒன்றரைப் பக்கம்.

பி.காம். ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு, கடையில் ஆள் இல்லாத நேரத்தில் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பார்த்தேன். என் உடம்பில் கண்டெடுத்தவை:

கழுத்து: தைராய்டில் சிறு முடிச்சு.
இடது சிறுநீரகம்: ஒரு நீர்ப்பை.
வலது நுரையீரல் மேல்பக்கம்: புள்ளி, பாதி மிளகளவு.
வலது தோள், மேற்கை, மார்புக்கூட்டின் சதை: ஒளிர்கிறது. அநேகமாகச் சதையின் இயல்பு, நிச்சயமில்லை.
வலது அக்குள்: நிணநீர்க் கணு ஒன்று, ஒளிர்கிறது. மார்பையும் சேர்த்துப் பரிசோதிக்கவும்.

கடைசி வரியைப் படித்ததும் கை தானாக அக்குளுக்குப் போயிற்று. அமுக்கினால் லேசாக வலிக்கிறது. அமுக்கியதால் வலிக்கிறதா, இருப்பதால் வலிக்கிறதா. காலையில் எழுந்தபோது எனக்கு ஒரு குறையும் இல்லை. மதியத்துக்குள் ஐந்து.

நந்தினிக்குப் போன் செய்தேன். எடுத்தாள்.  "அம்மாவுக்கும் அக்குள்லதாங்க்கா முதல்ல தெரிஞ்சிது" என்றாள். 

வரிசையில் ஒரு கிழவர், "சொசைட்டிக்கா, சக்கரை கொறையுது" என்றார் (சொசைட்டிக்கா, ரேஷன் கடையால் எனக்கு வந்த பெயர்). மறுபடி நிறுத்தேன். குறையத்தான் செய்தது. நான் ஒருநாளும் எடையில் தவறியதில்லை.

மார்ச் 5, வியாழன்

மல்லிகாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். காலையிலிருந்து என்னைக் குனியவிடவில்லை, தண்ணீர்க் குடத்தைப் பிடுங்குகிறாள், சோற்றில் இரண்டு கரண்டி நெய். தம்பி என் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறான். சாமை புடைக்க உட்கார்ந்தால் முறத்தை வாங்கி வைத்துவிடுகிறார்கள். நன்றாக இருக்கிற ஆளைப் படுக்க வைக்க இந்த வீட்டாருக்கு ஒரு காகிதம் போதும்.

சாயங்காலம் நந்தினி மறுபடி. அழுதிருக்கிறாள், குரல் அடைத்திருந்தது.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அந்த நுரையீரல் புள்ளிய ஒரு வருஷம் கழிச்சித் திரும்பப் பாக்கணும்னு போட்டுக்குது. அது வரைக்கும் கல்யாணத்தத் தள்ளி வைக்கலாமா? அப்பா அந்த ரெண்டு வருஷம் எப்டி இருந்தாருன்னு எனக்குத் தெரியும். இன்னொரு தடவ என்னால அதப் பாக்க முடியாது."

"சரிம்மா" என்றேன். வேறென்ன சொல்வது. அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது, அதுதான் கஷ்டம். கோபம் வந்தால் நன்றாக இருக்கும், வரவில்லை. அடுப்படியில் போய் வெங்காயம் உரித்தேன். தேவைக்கு மேல் உரித்தேன். 

மார்ச் 7, சனி

வெயில். அ. வந்தார். தன் ஊரிலிருந்து நடந்தே. வந்ததும் வராததுமாக மல்லிகாவிடம் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, எல்லோரும் இருக்கும்போதே கேட்டார்.

"சுமதி, கல்யாணத்த நீ தள்ளி வெக்கிறியா, அவ வெக்கிறாளா?"

நான்தான் என்றேன். பொய் என்று அவருக்குத் தெரிந்தது.

"உங்களுக்கு மறுபடியும் அதெல்லாம் வேணாம்னு பாக்கறேன்" என்றேன்.

"எதெல்லாம்?"

"ஆஸ்பத்திரிக்கு அலையறது. ராத்திரியெல்லாம் ஒக்காந்து கெடக்கறது."

 "நந்தினி அம்மா கூட இருந்தது பதினெட்டு வருஷம். கஷ்டப்பட்டது ரெண்டு வருஷம். நீ அந்த ரெண்டத்தான் கணக்குல எடுக்கற. எனக்கு மொத்தமா வேணும்." பிறகு, "உனக்கு ஒண்ணு கீதுன்னா நான் தூரத்துல கீணுமா, பக்கத்துல கீணுமா? அத மட்டும் சொல்லு."

 இந்த ஆள் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு மூன்று வருடம் பேசியதெல்லாம் சேர்த்தால் கூட இவ்வளவு வராது. மல்லிகா உள்ளே போய் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

பக்கத்தில் என்றேன். ஆனால் நந்தினிக்கு விருப்பமில்லாமல் அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன் என்றும் சொன்னேன். அவள் பயத்தின் மேல் ஏறி நின்று தாலி கட்டிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அ. தலையாட்டினார். அதையும் புரிந்துகொண்டார்.

செவ்வாய் வேலூரில் டாக்டர். நந்தினி பெங்களூரிலிருந்து நேராக வருகிறாள்.

மார்ச் 10, செவ்வாய். வேலூர், பிறகு பஸ்

பேனா நிற்கவில்லை, பஸ் குலுக்கல். பரவாயில்லை. இன்றைக்கே எழுத வேண்டும்.

டாக்டர் ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும். அறிக்கையைப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படித்தார். முதல் கேள்வி: "உங்களுக்கு என்ன தொந்தரவு?"

"ஒண்ணுமில்லைங்க."

"அப்போ எதுக்கு இத எடுத்தீங்க?"

நான் நந்தினியைப் பார்த்தேன், நந்தினி தரையைப் பார்த்தாள். அ. அவள் அம்மா போன கதையைச் சொன்னார். டாக்டர் புரிந்துகொண்டார், திட்டவில்லை.

ஒவ்வொன்றாக. நீர்ப்பை: பலருக்கு இருக்கும், சாகும்வரை தெரியாமலே இருப்பார்கள், விட்டுவிடுங்கள். கழுத்து முடிச்சு: இன்றைக்கே ஒலி ஸ்கேனில் பார்த்துவிடலாம். நுரையீரல் புள்ளி: எப்போதோ வந்து ஆறிய சளியின் தழும்பாக இருக்கலாம், மனசு கேட்காவிட்டால் ஒரு வருடம் கழித்து ஒருமுறை பாருங்கள், பார்க்காவிட்டாலும் பெரிய தப்பில்லை.

பிறகு அக்குளுக்கு வந்தார். 

"ஸ்கேனுக்கு முதல் நாள் கஷ்டமான வேலை ஏதாவது?"

"இல்லைங்க. லீவு."

"லீவு நாள்ல என்ன பண்ணீங்க? காலைல எழுந்ததுல இருந்து ஒண்ணொண்ணா சொல்லுங்க."

"எழுந்தேன், தண்ணி எடுத்துகினு வந்தேன். அப்புறம் புளி அடிச்சோம்."

"எது வரைக்கும்?"

"மதியம் தாண்டிட்டுதுங்க. ஆறு மரம்."

"எந்தக் கையால?"

வலது கையைத் தூக்கிக் காட்டினேன். தொரட்டி எவ்வளவு நீளம் என்று கேட்டார். எழுந்து நின்று, இந்த அறையின் மூலை முதல் அந்த மூலை வரை என்றேன்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்லைங்க. மூட்டையத் தோள்ல வச்சிகினு பஸ்ஸுக்கு நடந்தேன்."

"எவ்வளவு தூரம்?"

"கிட்டத்தாங்க. ஒரு மலை எறங்கி ஏறணும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இதுக்குப் பேரு லீவா?"

எங்கள் ஊரில் வேலை என்றால் ஆபீஸ், கடை, கூலி. நம் மரத்தில் நாம் புளி அடிப்பது வேலையா? யாரைக் கேட்டாலும் சும்மாதான் இருந்தேன் என்றுதான் சொல்வார்கள். அ. பின்னாலிருந்து எனக்காகப் பேசினார்: "அவ சும்மாத்தாங்க இருந்தா." டாக்டர் சிரித்துவிட்டார். உழைத்த சதைக்குப் பசி, ஊசியில் போன சர்க்கரையை அதுதான் தின்றிருக்கிறது, அதனால்தான் தோளும் கையும் ஒளிர்ந்தது என்றார்.

"கையக் காட்டுங்க." உள்ளங்கையைத் திருப்பினார். பொருக்கு உதிர்ந்து இளஞ்சிவப்பாக ஒரு தழும்பு. "இது எப்போ?"

சொன்னேன். சிலாம்பு, சீழ், மஞ்சள், ஸ்டேஷன் குழாயடி எல்லாம்.

"நெறி கட்டியிருக்கும்மா. கையில புண்ணு வந்தா அக்குள்ல நெறி கட்டாதா? அதையும் சேத்து வெளிச்சம் போட்டுக் காட்டியிருக்கு."

நெறி. கால் முள்ளுக்கு இடுப்புக்குக் கீழே, கைப்புண்ணுக்கு அக்குளில். சின்ன வயதிலிருந்து எத்தனை முறை கட்டியிருக்கும், எத்தனை முறை உப்பு ஒத்தடம் கொடுத்திருப்பேன். அதுவே ஆங்கிலத்தில் வந்ததும் ஒரு வாரம் நான் உயிரோடு செத்தேன்.

அப்படியும் டாக்டர் விடவில்லை. அக்குள், மார்பு, கழுத்து, எல்லாம் ஒலி ஸ்கேன். இரண்டு மணி நேரம் காத்திருப்பு. அ. வேர்க்கடலை வாங்கி வந்து மூவருக்கும் உரித்து உரித்துக் கொடுத்தார், தான் ஒன்றும் தின்னவில்லை. நெறி வற்றிவிட்டது. மார்பு சுத்தம். கழுத்து முடிச்சு சாதுவானது.

சுத்தம் என்று கேட்டதும் அ. கடலைத்தோலைத் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார், பதற்றத்தில். நான் சிரித்தேன், பிறகு அழுகை வந்தது, இரண்டும் சேர்ந்து வந்தது. இப்படி ஒரு சந்தோஷம் உண்டென்று எனக்குத் தெரியாது. ஏற்கெனவே என்னிடம் இருந்த உடம்பைத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனாலும் புதிதாகக் கிடைத்தது போல.

கிளம்பும்போது டாக்டர் நந்தினியிடம் மெதுவாகக் கேட்டார். "உங்கம்மாவுக்கு வந்தப்போ என்ன வயசு?"

"முப்பத்தெட்டு."

"அப்போ இந்த மூணு பேர்ல முறையாப் பாத்துக்க வேண்டியது நீங்கதான். மொத்த உடம்பும் வேணாம். உங்களுக்கு எது தேவையோ அத மட்டும், எப்போல இருந்து பாக்கணும்னு பேசி முடிவு பண்ணலாம். நீங்க இதுவரைக்கும் யார்கிட்டயாவது காட்டியிருக்கீங்களா?"

 நந்தினி கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். எங்கள் இருவரையும் உச்சி முதல் பாதம் வரை பார்க்க வைத்தவள், தன்னை ஒருநாளும் பார்க்க விட்டதில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவள் யாருக்காகப் பயந்துகொண்டிருந்தாள் என்று.

பஸ்ஸில் இப்போது எனக்கு முன் சீட்டில், அப்பா பக்கத்தில். ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு வருகிறாள். கல்யாணம் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை.

மார்ச் 12, வியாழன்

கடையில் கூட்டம். சர்க்கரை, கோதுமை, பாமாயில்.

வரிசையில் நந்தினி. அப்பா கார்டை எடுத்துக்கொண்டு, பைகளோடு, எல்லோரையும் போல நின்றுகொண்டிருந்தாள். முன்னால் வா என்று கூப்பிட்டேன், வரவில்லை. அவள் முறை வந்தது. விரலை வைத்தாள், ஒரே தடவையில் விழுந்தது. வீட்டில் ஒருவருக்காவது விழுகிறதே என்றேன். சிரிக்கவில்லை.

"அக்கா, வைகாசி வேணாம்."

அரிசி அள்ளிய கை அப்படியே நின்றது. சரிம்மா என்று சொல்ல வாய் திறந்தேன்.

"பங்குனியிலயே வச்சிக்கலாம். அப்பா கிட்ட பேசிட்டேன். ஒரு வருஷம் கழிச்சி அந்தப் புள்ளியப் பாக்கணும்னா பாத்துக்கலாம். அது வரைக்கும் நீங்க அந்த மலையிலயும் அவரு இந்த மலையிலயும் இன்னாத்துக்குத் தனியாக் கெடக்கணும்? வைகாசி வரைக்கும் கூட எதுக்கு?"

பின்னால் நின்றவள்: "இன்னா, பங்குனியா? எந்தத் தேதி?"

அவளுக்குப் பின்னால்: "சொசைட்டிக்கா கல்யாணமா? இந்த மாசமேவா?"

வரிசை கலைந்தது. ஆளாளுக்கு உள்ளே வந்துவிட்டார்கள். பக்கத்து மலையில் இருக்கும் நெல்லிவாசலுக்கே செய்தி போய்ச் சேர அரை மணி நேரம் ஆகியிருக்காது. பாமாயில் பாக்கெட் ஒன்று காலில் மிதிபட்டு உடைந்து தரையெல்லாம் வழுக்கல். நான் எதையும் கவனிக்கவில்லை. நந்தினிக்கு அரிசி நிறுத்தேன். எனக்குத் தெரிந்தே கொஞ்சம் கூடப் போட்டேன்.

மார்ச் 19, வியாழன்

வேலை, வேலை. நல்ல வேலை.

சேலை: மல்லிகா எடுத்தது அரக்கு. நந்தினி போட்டோ பார்த்துவிட்டு மாம்பழக் கலர் என்கிறாள். இருவரும் போனில் சண்டை. நான் கட்டப்போகிறேன் என்று யாருக்கும் நினைவில்லை.
சமையல்: ஊர்ப் பையன்கள். சாமைச் சோறும் உண்டு, அ. பிடிவாதம்.
மேளம்: சொல்லியாயிற்று.
கடைக்கு மாற்று ஆள்: செங்கத்திலிருந்து ஒருவர் வருகிறார். எடை சரியாகப் போடுவாரா, கவலை.

தம்பி புளி உடைத்துக்கொண்டிருந்தான். தொரட்டி பக்கம் போகவே கூடாது என்று எனக்கு உத்தரவு. "மறுபடியும் படம் எடுக்கறவரைக்கும் நீ சும்மாவே இரு." எது சும்மா என்று இனி டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

அ. சாயங்காலம் எட்டிப்பார்த்தார். பரிசம் முடிந்த பிறகு இப்படி வரக் கூடாது என்று மல்லிகா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "ஒரு வார்த்த சொல்ட்டுப் போறேன்." "எங்கிட்ட சொல்லுங்க, நான் சொல்லிக்கறேன்." அவர் யோசித்தார். "ஒண்ணுமில்ல, சும்மா வந்தேன்." போய்விட்டார். நான் ஜன்னல் கம்பியில் முகம் பதித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், வளைவு வரை. வரி வரியாகக் கம்பித் தடம் கன்னத்தில். மல்லிகா பார்த்துச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மார்ச் 27, வெள்ளி

விடிந்துவிட்டது. மேகமே இல்லை. மேளக்காரர்கள் வந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். கோயிலுக்குக் கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம்.

நந்தினி தலைவாரி விடுகிறேன் என்று சீப்போடு வந்தாள். மல்லிகாவை வெளியே அனுப்பினாள். பின்னால் உட்கார்ந்து சிக்கெடுத்தாள், எண்ணெய் வைத்தாள். பின்னல் பாதி வரும்போது கை நின்றது.

"டாக்டர் சொன்னாங்கல்ல. எனக்குப் பாக்கணும்னு."

"ம்."

"அம்மா போனதுல இருந்து குளிக்கும்போது கூட நான் கையால தொட்டுப் பாக்கறதில்ல. இருந்துட்டா இன்னா பண்றதுன்னு." மூச்சு என் பிடரியில் பட்டது. "நீங்க கூட வந்தா போறேன்."

"நாளைக்கே போலாம்" என்றேன்.

"நாளைக்கா? கல்யாணத்துக்கு மறுநாளா?"

"உங்கப்பா ஒரு நாள் கஞ்சி காச்சிக் குடிச்சிக்குவாரு."

சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள், ரவிக்கை நனைந்தது. பின்னல் மொத்தமும் அவிழ்ந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து பின்னுகிறாள். அவள் பின்னப் பின்ன நான் மடியில் நோட்டை வைத்து எழுதுகிறேன், ஆடாதீங்க சின்னம்மா என்கிறாள்.